ஊருக்கு பஸ் உண்டுன்னு நெட்ல போட்டிருக்கு, சித்தப்பா இல்லவே இல்லைங்கறாரு, எதை நம்புறது?

யீஷூன்வாசி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமான கேள்வி, அந்த பக்கம் தெரிஞ்சவங்க யாராச்சும் பதில் சொன்னா புண்ணியமா போகும்.

எங்க அப்பாவுக்கு சொந்த ஊரு புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கில இருந்து கட்டுமாவடி போற ரோட்டுல போயி ஒரு விலக்குல இறங்கி உள்ள போகணும். ஊர் பேரு வேணாம், சின்ன ஊரு, பேர போட்டா யார் வீட்டு புள்ளைன்னு உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. அப்பா எண்பதுகள்ல ஷிப்யார்டு வேலைக்கு இங்க சிங்கப்பூருக்கு வந்தவரு, பிஆர் (நிரந்தரவாசி) தான், வேலைய விட்டு வீட்ல உக்காந்ததுல இருந்து ஊருக்கே போயிடலாம்ங்கற பேச்சுதான் தெனமும். தாத்தா கட்டுன ஓட்டு வீடு அப்படியே கெடக்கு, அத ரிப்பேர் பண்ணி அம்மாவும் அவரும் அங்கயே இருந்துக்கலாமாம். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு, சுகர் வேற. நான் இங்கயே பொறந்து வளந்து என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சவன், ஊருக்கு போனதெல்லாம் கல்யாணம் காதுகுத்துக்குதான், அதுவும் ஏர்போர்ட்லயே யாராச்சும் கார் வச்சு ஏத்திட்டு போயிடுவாங்க, அதனால பஸ் எங்க வந்து நிக்கும்னு கூட எனக்கு தெரியாது.

சரி ஊரு எப்படி இருக்குன்னு பாப்போம்னு நெட்ல தேடினா, மக்கள் தொகை ஆயிரத்துச் சொச்சம், ஆம்பளைங்கள விட பொம்பளைங்க ஜாஸ்தி, அரசு பஸ் ஊருக்குள்ளயே உண்டு, ரயில்வே ஸ்டேஷன் 10 கிலோமீட்டருக்கு மேலன்னு எல்லா சைட்லயும் அதே வரி அப்படியே இருக்கு. இன்னொரு சைட்ல 2025 மக்கள் தொகைன்னு வேற ஒரு நம்பர். சித்தப்பாவுக்கு போன் போட்டு கேட்டா, பஸ்ஸா, அது நின்னு எத்தனையோ வருசமாச்சுங்கறாரு, அடுத்த நிமிசமே காலைல ஒண்ணு வரும், சாயங்காலம் வந்தா வரும், வரலன்னா இல்லைங்கறாரு. ஊர்ல முன்னூறு பேரு கூட கிடையாதுன்னும் சொல்றாரு. அப்ப அந்த ஆயிரம் பேரு எங்க?

வர்ற பொங்கலுக்கு மூணு பேரும் போயி பாத்துட்டு வரலாம்னு இருக்கோம். எந்த கணக்க நம்புறது, திருச்சி ஏர்போர்ட்ல இருந்து அம்மாவ எப்படி கூட்டிட்டு போறது, அதவிட முக்கியமா சொந்த வண்டி இல்லாத ரெண்டு வயசானவங்க அந்த மாதிரி ஊர்ல குடியிருக்க முடியுமா, இதான் கேள்வி.

துவாஸ்_தொண்டைமான்:

அண்ணே நான் பேராவூரணி பக்கம்தான், உங்க ரோடு நல்லா தெரியும்.

வழி சிம்பிள்ணே. திருச்சி ஏர்போர்ட்டே புதுக்கோட்டை ரோட்டு மேலதான் இருக்கு. நாங்கல்லாம் லீவுக்கு போறப்ப பைய தூக்கிட்டு வெளிய ரோட்டுக்கு வந்து புதுக்கோட்டை பஸ்ஸ கைகாட்டி ஏறிடுவோம், புதுக்கோட்டைல இறங்கி அறந்தாங்கி பஸ், அது அடிக்கடி இருக்கும், ஒரு 35 கிலோமீட்டர் வரும். அறந்தாங்கில இருந்து கட்டுமாவடி பஸ் ஏறி உங்க விலக்குல இறங்கணும். வெளியூர் பஸ்ஸெல்லாம் இப்ப பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு மாத்திட்டாங்க, 2025லதான், அதனால டவுனுக்குள்ள போயி ஏறலாம்னு யாராச்சும் பழைய நெனப்புல சொன்னா கேக்காதீங்க. 2024ல திறந்த புது டெர்மினல் நல்லா பெருசா அழகா இருக்கு, ஆனா பெட்டிய உருட்டிக்கிட்டு ரோடு வரைக்கும் நடக்கறது முட்டி வலி உள்ளவங்களுக்கு ஆகாது. அம்மாவ கூட்டிட்டு போறதுன்னா பேசாம ட்ராப் டாக்சி சொல்லிடுங்க, வீட்டு வாசல்ல இறக்கிடுவான், ரெண்டு ரெண்டரை மணி நேரம்.

பிரச்சினை விலக்குல இருந்து ஊருக்குள்ள போறதுதான்ணே. திருச்சில இருந்து விலக்கு வரைக்கும் ராஜா மாதிரி வந்துடலாம், அந்த கடைசி மூணு கிலோமீட்டருக்குத்தான் ஆளு தவிச்சு போயிடுவான். வெயில்ல அங்க நின்னு பாருங்க தெரியும், ஒரு புளியமரம், ஒரு பெட்டிக்கடை, அதுவும் மத்தியானம் சாத்திட்டு போயிடுவாரு. ஊருக்குள்ள போற யாராச்சும் வண்டில வந்தா ஏத்திப்பாங்க, நம்மள விட அவங்களுக்குத்தான் பேச்சுத் துணை வேணும். பொம்பளைங்க வயசானவங்க அப்படி யார் வண்டிலயும் ஏற மாட்டாங்க. அறந்தாங்கி ஆட்டோக்காரர் நம்பர் ஒண்ணு வச்சுக்கிறது கட்டாயம்.

கணக்குப்பிள்ளை:

யீஷூன்வாசி தம்பி, உங்க சித்தப்பாவும் நெட்டும் ரெண்டு வேற ஊர பத்தி பேசறாங்க, அதான் குழப்பம். நான் ஊர்ல இருந்தப்ப புள்ளிவிவர வேலைல கொஞ்ச காலம் இருந்தேன், தெரிஞ்சத சொல்றேன்.

நீங்க பாத்த சைட் எல்லாம் ஒரே எடத்துல இருந்து எடுத்து ஒட்டினது, 2011 சென்சஸ். அதுக்கப்புறம் இந்தியாவுல சென்சஸே நடக்கல, 2021ல நடக்க வேண்டியது கொரோனாவால தள்ளி, தள்ளி, இப்ப 2027ன்னு அறிவிச்சிருக்காங்க. அதனால 2025 மக்கள் தொகைங்கறது யாரும் வீடு வீடா போயி எண்ணினதில்ல, பழைய நம்பர் மேல ஏதோ ஒரு சதவீதத்த ஏத்தி கம்ப்யூட்டர் துப்பினது. ஆளு குறைஞ்சுக்கிட்டே வர்ற ஊருக்கும் அது கூட்டித்தான் காட்டும். அத தொடாதீங்க.

சென்சஸ்ல ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கையேடு போடுவாங்க. ஒவ்வொரு கிராமத்துக்கும் பள்ளிக்கூடம், துணை சுகாதார நிலையம், போஸ்ட் ஆபீஸ், பஸ், ரயில்னு கட்டம் கட்டமா இருக்கும். வசதி இருந்தா உண்டு. இல்லன்னா பக்கத்துல எவ்வளவு தூரத்துல இருக்குன்னு எழுத்துல போடுவாங்க, 5 கிலோமீட்டருக்குள்ளன்னா ஏ, 5ல இருந்து 10ன்னா பி, அதுக்கு மேலன்னா சி. நீங்க பாத்த 10க்கு மேலங்கறது அந்த சி தான். அந்த பஸ் கட்டத்துல ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மழை பெஞ்சா வருமா, ஒண்ணும் இருக்காது. காலைல ஒரு தடவை வந்து திரும்பினாலும் உண்டுதான், பத்து நிமிசத்துக்கு ஒண்ணு வந்தாலும் உண்டுதான்.

இன்னொண்ணு, அதுல கிராமம்னு சொல்றது வருவாய் கிராமம், விஏஓ கணக்குல வர்றது. அதுக்குள்ள தாய் கிராமம் ஒண்ணு, சுத்தி வயலுக்கு நடுவுல சின்ன சின்ன குடியிருப்பு, காலனி, மஜரான்னு பல இருக்கும். தமிழ்நாட்டுல ஊராட்சியே 12,500க்கு மேல, குடியிருப்புன்னு எடுத்தா 79,000 கிட்ட வரும்னா பாத்துக்கங்க. வருவாய் கிராமத்தோட ஒரு ஓரம் மெயின் ரோட்ட ஒட்டியிருந்து அங்க பஸ் நின்னா மொத்த கிராமத்துக்கும் டிக் அடிச்சாச்சு, உங்க தாத்தா வீடு அங்கிருந்து மூணு கிலோமீட்டர் உள்ள இருக்கறத அந்த டிக் கண்டுக்காது. அந்த ஆயிரம் மொத்த வருவாய் கிராமத்துக்கு, சித்தப்பா சொல்ற முன்னூறு உங்க குடியிருப்புக்கு, அப்படித்தான் இருக்கணும்.

ரயில் கதை தனி. 2011 கையேட்டுல இருக்கறது மீட்டர் கேஜ். 2012ல அகலப்பாதை போடறேன்னு காரைக்குடி திருவாரூர் லைன மூடினாங்க, காரைக்குடி பட்டுக்கோட்டை 2018லயும் திருவாரூர் வரைக்கும் 2019லயும் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. ஓடின அழகு இருக்கே, கேட் கீப்பர் போடல, அதனால ஆளையே ரயில்ல ஏத்திக்கிட்டு ஒவ்வொரு லெவல் கிராசிங்லயும் ரயில நிறுத்தி, இறங்கி கேட்ட மூடி, ரயில் தாண்டினதும் கேட்ட தொறந்து விட்டுட்டு மறுபடி ஓடிவந்து ஏறுவாங்க. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு குறையாது. இப்ப பரவால்ல, 2023ல இருந்து தாம்பரம் செங்கோட்டை எக்ஸ்பிரஸ் வாரத்துல மூணு நாள் அந்த லைன்ல போகுது.

பொம்பளைங்க ஜாஸ்தின்னு கேட்டீங்களே, அதுதான் எனக்கு பிடிச்ச பகுதி. 2011ல தமிழ்நாடு சராசரி 1000 ஆணுக்கு 996 பெண். தஞ்சாவூர் 1035, நாகப்பட்டினம் 1025, திருவாரூர் 1017, புதுக்கோட்டை 1015, சிவகங்கை 1003. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவுல நிக்கிற கூட்டத்துல ஒவ்வொருத்தரா எந்த ஊருன்னு கேளுங்க, இதே மாவட்டந்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த விகிதத்துக்கு வேற காரணமும் உண்டு, ஆனா ஆம்பளைங்க வெளிய போயிட்டது பெரிய காரணம். 2011ல பிப்ரவரி 9ல இருந்து 28 வரைக்கும் கணக்கெடுத்தாங்க, அந்த நாள் முழுக்க வீட்ல இல்லாதவங்கள அந்த வீட்டு கணக்குல சேக்க மாட்டாங்க. துவாஸ் தம்பி மாதிரி ஆளுங்க ஊர் கணக்குல கிடையாது. சிங்கப்பூர் எண்ணிடுச்சு பாருங்க, 2025 ஜூன்ல இங்க மொத்தம் 61.1 லட்சம் பேரு, அதுல 19.1 லட்சம் பேரு குடியுரிமையும் பிஆரும் இல்லாதவங்க.

இதெல்லாம் சும்மா நம்பர் விளையாட்டுன்னு நெனைக்காதீங்க. மத்திய அரசோட கிராம சாலை திட்டம் 2000 டிசம்பர்ல ஆரம்பிச்சதுல இருந்தே சமவெளில 500 பேருக்கு மேல இருக்கற குடியிருப்புக்குத்தான் ரோடுன்னு விதி, மலைப்பகுதி பழங்குடி பகுதின்னா 250. 500 மீட்டருக்குள்ள இருக்கற குடியிருப்புங்கள சேத்து ஒண்ணா எண்ணிக்கலாம். 2024ல வந்த நாலாவது கட்டமும் அந்த பழைய 2011 தலைக்கணக்க வச்சுத்தான் ஓடுது. நானூறு பேரு ஊர்ல, நூறு பேரு வெளிநாட்டுலன்னா அந்த ஊரு கோட்டுக்கு கீழ போயிடும். வீட்டுக்கு காசு வருது, ரோட்டு கணக்குல ஆளு இல்ல.

ஒரத்தநாட்டு_உண்மை:

எல்லாரும் பஸ்ஸு பஸ்ஸுன்னு அழறீங்க, நான் ஓப்பனா சொல்றேன், கிராமத்துல இப்ப பஸ் யாருக்கு வேணும்? எங்க ஊருக்கு மினிபஸ் விட்டாங்க, ஏற ஆளில்ல, ஓனரு டீசல் காசுக்கே வரலன்னு நிறுத்திட்டாரு. எல்லார் வீட்லயும் ரெண்டு வண்டி நிக்குது. காலேஜ் பசங்களுக்கு காலேஜ் பஸ்ஸு வாசலுக்கே வருது. அவசரம்னா 108. அப்புறம் ஆளில்லாத ஊருக்கு காலி பஸ்ஸ ஓட்ட சொல்றது நியாயமா? இங்க கூட ஆளு ஏறாத சர்வீஸ நிறுத்தத்தானே செய்யறாங்க. மொதல்ல ஆளு குறைஞ்சுது, அப்புறம் பஸ் நின்னுச்சு, அவ்வளவுதான் கதை.

செங்காங்_அக்கா:

ஒரத்தநாட்டு தம்பி, ரெண்டு வண்டி நிக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, நிக்குதுங்கறதுதான் சரி. எங்க அம்மா வீட்ல ஒண்ணு நிக்குது. என் தம்பி லீவுக்கு வந்தப்ப வாங்கினது, சாவி சாமி படத்துக்கு பக்கத்துல ஆணில தொங்குது, வண்டிய தார்ப்பாயால மூடி மேல ரெண்டு செங்கல் வச்சிருக்கு, அது மேல கோழி ஏறி உக்காந்திருக்கும். ஓட்டறவன் இங்க ஜூரோங்ல இருக்கான். அம்மா ஆதார் வேலைக்கும் பேங்குக்கும் விலக்கு வரைக்கும் நடந்துதான் போறாங்க. நீங்க எண்ணின வண்டில பாதி இப்படித்தான் இருக்கும், ஓட்ட தெரிஞ்ச வயசு ஊர்ல இல்ல.

யீஷூன்வாசி தம்பி, நான் அறந்தாங்கிக்கு மேக்கால. எங்க மாவட்டத்துல தொண்ணூறுகள் ஆரம்பத்துல அறிவொளி இயக்கம் வந்துச்சு, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப. எழுத்து சொல்லிக் குடுத்தாங்க, கூடவே பொம்பளைங்களுக்கு சைக்கிள் ஓட்ட கத்துக் குடுத்தாங்க. ஆயிரக்கணக்குல பொம்பளைங்க சைக்கிள் எடுத்தாங்க, வெளி மாநிலத்து பத்திரிகைக்காரங்கல்லாம் வந்து எழுதினாங்க. எங்க அம்மாவும் அப்ப கத்துக்கிட்டதுதான். புடவைய தூக்கி சொருகிக்கிட்டு, முன்னாடி என் தம்பி, பின்னாடி கேரியர்ல தண்ணி குடம், ஊரே ஒரு மாதிரியா பாத்துச்சு, அப்பா நாலு நாள் பேசல. அப்புறம் ரேஷன் வாங்க, மாட்டுத் தீவனம் வாங்க, என்னைய ஹைஸ்கூல்ல விட எல்லாத்துக்கும் அந்த சைக்கிள்தான், வாடகை சைக்கிள், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு. பஸ்ஸுக்கு காத்திருக்கறது, அப்பா வந்து கூட்டிட்டு போவாருன்னு காத்திருக்கறது, ரெண்டும் அம்மாவுக்கு ஒரே நேரத்துல விட்டுப் போச்சு. அந்த தலைமுறைக்கு இப்ப அறுபது எழுபது வயசு, முட்டி வலி, சைக்கிள் மிதிக்க முடியாது. இப்பதான் அவங்களுக்கு பஸ்ஸு வேணும், இப்ப பாத்து பஸ்ஸ நிறுத்திட்டாங்க.

2021 மே மாசத்துல இருந்து பொம்பளைங்களுக்கு இலவசம் வந்துச்சே, விடியல் பயணம், அது ஒரு பெரிய விசயம், சொல்லியே ஆகணும். அம்மா அதுக்கப்புறம் அறந்தாங்கி சந்தைக்கே போயிட்டு வர ஆரம்பிச்சாங்க, முன்னாடி காசு கேக்க கூச்சப்பட்டு போகாம இருந்தவங்க. ஆனா அது சாதாரண கட்டண டவுன் பஸ்ல மட்டுந்தான், மெயின் ரோட்டுல பறக்கற வெளியூர் பஸ்ல கிடையாது. அதனால விலக்குல நாலு பஸ் போனாலும் டவுன் பஸ் வர்ற வரைக்கும் பொம்பளைங்க நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க, அதையும் உங்க அம்மாகிட்ட சொல்லி வைங்க.

மொதல்ல ஆளு குறைஞ்சுது, அப்புறம் பஸ் நின்னுச்சுன்னு தம்பி சொன்னது எங்க ஊருக்கு பொருந்தாது. எங்க ஊர்ல சாயங்கால பஸ் மொதல்ல நின்னுச்சு. ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு ஏழு மணிக்கு பொண்ணுங்க வர முடியல, பத்தாவது படிக்கிற புள்ளைங்கள வச்சிருந்த குடும்பம் ஒவ்வொண்ணா அறந்தாங்கிக்கு வாடகைக்கு போச்சு. அப்புறம் காலைல பஸ்ல ஏற ஆளில்ல. அப்புறம் அதையும் குறைச்சாங்க.

ஒரத்தநாட்டு_உண்மை:

அக்கா சாயங்கால பஸ் விசயம் சரி, ஒத்துக்கறேன், எங்க பக்கமும் ஸ்கூல் புள்ளைங்களுக்காக குடும்பமே மாறினது உண்டு. காலி பஸ்ஸுக்கு டீசல் யாரு போடறதுன்னுதான் நான் கேக்கறேன், அதுக்கு பதில் சொல்லுங்க.

பழைய_செம்பவாங்:

நான் நேவல் பேஸ் பக்கம் பொறந்து வளந்தவன், வயசு எழுபத தாண்டியாச்சு. ஊர் பக்கம் விலக்குல நின்னு வர்ற வண்டில ஏறிக்கறதுன்னு துவாஸ் தம்பி சொல்றத படிச்சா சிரிப்பு வருது, இங்க நாங்க பாக்காததா. அறுபதுகள்ல கம்பத்துக்குள்ள (இங்க அப்ப இருந்த கிராமம்) பஸ் வராது, பைரட் டாக்சிதான், லைசென்ஸ் கிடையாது, அஞ்சு பேரு உக்கார வேண்டியதுல எட்டு பேரு, கோழிக்கூண்டு டிக்கில. எல்லாருக்கும் அது சட்டவிரோதம்னு தெரியும், எல்லாரும் ஏறுவாங்க. 1970 வாக்குல அத ஒழிச்சாங்க, 1971ல இங்க இருந்த சின்ன சின்ன பஸ் கம்பெனிங்கள மூணா சேத்தாங்க, 1973ல மூணையும் ஒண்ணாக்கி எஸ்பிஎஸ் (சிங்கப்பூர் பஸ் சர்வீஸ்) ஆச்சு. டீசல் யாரு போடறதுன்னு கேட்ட தம்பிக்கு, கூட்டம் ஏறற ரூட்டுல வர்ற காசு காலியா ஓடற ரூட்டுக்கும் போகும்படியா ஒரே கையில வச்சாத்தான் இது நடக்கும், லாபம் வர்ற ரூட்ட ஒருத்தரும் நஷ்ட ரூட்ட இன்னொருத்தரும் ஓட்டினா நஷ்டக்காரரு எத்தனை நாளைக்கு தாங்குவாரு. அதோட இங்க அப்ப கம்பத்து ஆளுங்களையே ஃப்ளாட்டுக்கு மாத்திட்டாங்க, வீட்டுக்கு கீழ பஸ் ஸ்டாப். ஊர்ல அது முடியாது, வயல தூக்கிட்டு வர முடியாதே.

துவாஸ்_தொண்டைமான்:

ஐயா சொன்னது நெசம், ஆனா அரசு சும்மா இல்ல. மினிபஸ்ஸுக்கு புது திட்டம் போட்டு 2025 ஜூன்ல தஞ்சாவூர்ல தொடங்கி வச்சாங்க. 1997ல கலைஞர் கொண்டு வந்தப்ப 20 கிலோமீட்டர் வரைக்குந்தான் ஓட்டலாம், அதுல 16 பஸ்ஸே இல்லாத ரோடா இருக்கணும். எந்த டவுனையும் ஒழுங்கா தொட முடியாது, ஓனருக்கு கட்டுபடியாகாது. இப்ப 25 கிலோமீட்டர், அதுல 65 சதவீதம் பஸ் இல்லாத ரோடா இருந்தா போதும். அதனால ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரலாம். யீஷூன்வாசி அண்ணே, பொங்கலுக்கு போறீங்கள்ல, ஜனவரி 26 வரைக்கும் இருந்தா அன்னைக்கு கிராம சபை நடக்கும். வருசத்துல ஆறு தடவை கூட்டறாங்க, அதுல ஒண்ணு அது. நம்ம பக்கம் தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரிலயே முடிஞ்சு இப்ப தனி அலுவலர்தான் பாக்கறாரு, இருந்தாலும் கூட்டம் நடக்கும். எங்க குடியிருப்புக்கு மினிபஸ் ரூட் வேணும்னு தீர்மானம் போட சொல்லுங்க, அந்த நகல வச்சு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுங்க. மாவட்டத்துல பஸ் பெர்மிட் குடுக்கற ஆர்டிஏவே (வட்டார போக்குவரத்து ஆணையம்) கலெக்டர்தான்ணே, அதனால அங்க குடுத்தாத்தான் வேலை நகரும். எந்த நேரத்துக்கு பஸ் வேணும்னும் எழுதுங்க, சும்மா பஸ் வேணும்னா மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஒண்ண விட்டுட்டு குடுத்தாச்சுன்னுடுவாங்க.

யீஷூன்வாசி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. கணக்குப்பிள்ளை அண்ணன் எழுதினத அப்பாகிட்ட படிச்சு காமிச்சேன், மீட்டர் கேஜ் வந்ததும் பேச்சு மாறி ஒரு மணி நேரம் பழைய ரயில் கதைதான். அம்மா செங்காங் அக்கா எழுதினத மட்டும் ரெண்டாவது தடவை படிக்க சொன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல.

இன்னும் ரெண்டு கேள்வி. மாசா மாசம் சுகர் மாத்திரைக்கு அறந்தாங்கி ஜிஎச் போயித்தான் ஆகணுமா? அப்புறம் அப்பா அம்மா அங்கயே இருந்தா 2027 சென்சஸ்ல அவங்கள எண்ணுவாங்களா, சிங்கப்பூர் பிஆர்ங்கறதால விட்டுடுவாங்களா?

கணக்குப்பிள்ளை:

சென்சஸ்ல குடியுரிமை பாஸ்போர்ட்டுக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்ல தம்பி, அந்த வீட்ல வழக்கமா இருக்காங்களாங்கறதுதான் கேள்வி. 2026 ஏப்ரல்ல இருந்து செப்டம்பருக்குள்ள வீட்டு பட்டியல் எடுப்பாங்க, ஆள எண்றது 2027 பிப்ரவரி. இந்த தடவை மொபைல்ல எடுக்கறாங்க, நாமளே பதிஞ்சுக்கற வசதியும் உண்டு. வீட்டு பட்டியல் எடுக்க வர்றப்ப வீடு பூட்டி கெடந்தா பூட்டின வீடு, இல்ல காலி வீடுன்னு எழுதிட்டு போயிடுவாங்க, அதனால அந்த நேரத்துல யாராச்சும் இருக்கறது நல்லது. நீங்க யீஷூன்ல இருந்துக்கிட்டு அங்க உங்க பேர சேக்க சொல்லாதீங்க, சித்தப்பா சேக்கத்தான் பாப்பாரு.

செங்காங்_அக்கா:

மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு தம்பி, 2021 ஆகஸ்ட்ல இருந்து. சுகர், பிபிக்கு வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரை குடுத்துட்டு போவாங்க, போனதும் துணை சுகாதார நிலையத்துல பேரு பதிஞ்சிடுங்க. ஆனா முட்டிக்கு ஆபரேஷன் கிபரேஷன்னா புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ்தான், 2017ல திறந்தது, அங்க அடிக்கடி போக வர வண்டி வேணும். நான் சொல்றது, ஊர்லயே வீட்ட வச்சுக்கங்க, ஆனா முட்டி சரியாகற வரைக்கும் அறந்தாங்கிலயே கட்டுமாவடி முக்கம் பக்கம் ஒரு வாடகை வீடு பாருங்க. அப்பா காலைல பஸ்ல ஊருக்கு போயிட்டு சாயங்காலம் திரும்பட்டும். அவருக்கு ஊரு, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி.

யீஷூன்வாசி:

அக்கா இது எனக்கு தோணவே இல்ல. அப்பா ஒத்துக்குவாரான்னு தெரியல, வாடகை வீட்ல இருக்கறதுக்கா ஊருக்கு போறேன்னு குதிப்பாரு. அம்மா கேட்டதும் எந்த தெருன்னு கேட்டாங்க.

துவாஸ் தம்பி, அந்த ட்ராப் டாக்சி, ஃப்ளைட் நடுராத்திரி இறங்குதே, அந்த நேரத்துக்கு வருவாங்களா?

துவாஸ்_தொண்டைமான்:

வருவாங்கண்ணே, முன்னாடியே சொல்லி வைக்கணும், ராத்திரிக்கு பேட்டா தனியா கேப்பாங்க, அத மொதல்லயே பேசிடுங்க, இறங்கினப்புறம் பேசாதீங்க. பொங்கல் நேரம்ங்கறதால இப்பவே புக் பண்ணுங்க. விலக்குல இருந்து ஊருக்குள்ள போற ரோடு மழைக்கு எப்படி இருக்குன்னு சித்தப்பாகிட்ட கேட்டுட்டு சின்ன கார் சொல்லுங்க, பெரிய வண்டின்னா வாய்க்கா பாலத்துகிட்ட திருப்ப முடியாம அங்கயே இறக்கிட்டு நடக்க சொல்லிடுவான்.